ஒத்தக்கொம்பனுக்கு ஒரு படம்

முனிவேல்: உஸ்... மூட்டைய எறக்கி வெய்யி. பாறைக்குப் பின்னால குந்து.

ராஜேஷ்: எதுக்குண்ணே? இன்னும் ரெண்டு மைல் நடந்தா...

முனிவேல்: ஓடைக்கு அந்தாண்ட பாரு.

ராஜேஷ்: ஆத்தீ... ஆனை!

முனிவேல்: கத்தாதடா. காத்து நம்ம பக்கம் அடிக்குது. வாசன போவாது.

ராஜேஷ்: கம்பெனிக்கு லீவு போட்டது வீண் போகல! உங்கள மாதிரி தேன்கனிக்கோட்டைக்காரருக்கு இதெல்லாம் தெனம் பாக்குறதுதானே?

முனிவேல்: எங்க... இருவது வருசமா ராகிக் காவல். இருட்டுல வெடியப் போடுவம், ஓடுவம். பகல்ல, நின்னு பாக்கறது இதான் மொத தடவ.

ராஜேஷ்: நெசமாவா?

முனிவேல்: கேமராவ எடு. ஒத்தக் கொம்போட நிக்கறான் பாரு, அவன். மூஞ்சி தெளிவா வுழணும்.

ராஜேஷ்: என்னா ஒசரம்! எங்க ராம்நாட்டுல கோயில் ஆனைகூட வெளியூர்லருந்துதாண்ணே வரும்...

முனிவேல்: எடுத்தியா?

ராஜேஷ்: ம்... புல்லப் புடுங்கி ஏன் கால்ல அடிக்குது?

முனிவேல்: மண்ண உதறறான். பெரிய சுத்தக்காரன்! போன மாசம் எங்க ரெண்டு ஏக்கராவ மொட்டையடிச்சவன் இவன்தான். இன்னொரு தடவ வந்தான்னா நெலத்த வித்துட வேண்டியதுதான்.

ராஜேஷ்: இவனா! அண்ணே... புல்ல அவன் திங்கல. பின்னால நிக்கிற கெழவிகிட்ட கொண்டு போறான். அதுக்குத் தும்பிக்க பாதிதான் இருக்கு!

முனிவேல்: அட... ஆமா.

ராஜேஷ்: வாயில ஊட்டுறாண்ணே!

முனிவேல்: கொழந்தைக்கு ஊட்டறாப்பல...

ராஜேஷ்: என்னண்ணே, கண்ணு கலங்குது?

முனிவேல்: தின்னது போக ராகியக் கட்டுக் கட்டா காட்டுக்குள்ள தூக்கிட்டுப் போவான்டா. திமிரு புடிச்சவன்னு ஊரே திட்டுவம்.

ராஜேஷ்: இதுக்குத்தானா...

முனிவேல்: பெத்தவளோ, யாரோ. எம்மாம் பெரிய மனசுடா அவனுக்கு! படம் நல்லா வந்திச்சா?

ராஜேஷ்: ம்... ம்... போறாங்கண்ணே. அவ நடைக்குத் தக்கன அவனும் மெதுவா போறான்.

முனிவேல்: ராஜேஷு... அந்தப் படத்த அழிச்சிரு.

ராஜேஷ்: நீங்கதானே எடு எடுன்னு...

முனிவேல்: காடு சுத்தலாம்னு உன்னக் கூட்டியாந்தது பொய்டா. இவனப் புடிச்சி வேற காட்டுல வுடச் சொல்லி மனு எழுதி வெச்சிருக்கறன். கூட ஒட்டறதுக்கு அடையாளப் படம் வேணும். உங்கிட்டதான் நல்ல கேமரா இருக்குது.

ராஜேஷ்: அப்ப உங்க ராகி?

முனிவேல்: ஷிப்ட் முடிஞ்சி வந்து நானே பரண்ல குந்திக்கறன். இவன லாரியில ஏத்திட்டா அவளுக்கு யாரு ஊட்டுவா? அழிடா.

ராஜேஷ்: அழிக்க என்னண்ணே இருக்கு? நீங்க கேக்கும்போதெல்லாம் சும்மா 'ம்' போட்டேன். ரெண்டு கையும் கும்பிட்டுக்கிட்டுல்ல இருந்துச்சு... எப்படி எடுக்க?