எட்டு முழம்

“கயித்த வட்டமா போடறது திருட்டுத்தனம், தேசம்மா!”

காலடிப்பேட்டை போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு மீன்காரிகள், காலடியில் காலிக் கூடைகள். இடத் தகராறு வரக்கூடாதென்று மார்க்கெட்டில் எல்லாருக்கும் ஒரே அளவுக் கயிறு கொடுத்திருக்கிறார்கள். தரையில் போட்ட கயிற்றுக்குள்தான் கடை.

“இன்னாம்மே திருட்டுத்தனம்? உனுக்கும் எட்டு முழம், எனுக்கும் எட்டு முழம்.”

“அப்ப எனுக்கு நாலு கூடைக்குத்தான் எடம் கீது, உனுக்கு மட்டும் எப்டி அஞ்சு?”

“நீ இன்னாத்துக்கு சதுரமா போட்டே?”

“கடைன்னா சதுரமாத்தான் இருக்கணும்! நீ கயித்த இஸ்து பெருசாக்கிட்டே.”

“நீயே ரெண்டு தபா அளந்தே இல்ல?”

“அளந்தேன். எட்டுதான் கீது. அதாம்மே பேஜாரா கீது.”

டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் கேட்காமலே நின்றார்.

“நாளைக்கு நானும் வட்டமா போடறேன் பாரு.”

“போடு மாலா, அல்லாரும் போடுங்க. வட்டமும் வட்டமும் ஒட்டிக்கினு நின்னா நடுவுல சந்து வரும்ல? அது யார் கயித்துக்குள்ளயும் வராது. அங்க என் நாத்தனார குந்தச் சொல்லிட்டேன்.”