ஆறு விசில்

இங்கே ஸ்டேஷனில் தந்த தேநீர் நன்றாக இருக்கிறது, சார்ஜன்ட். நடைபயணிகள் தங்கும் மலைக்குடிலை நடத்தும் ஹெஸ்டர் அம்மாள் போடுவது, வெந்நீருக்குத் தேயிலையைத் தூரத்திலிருந்து காட்டியது போல இருக்கும்.

நான் ஒழுங்கான ஆள். மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுதக் கற்றுக்கொள்கிறேன். அக்டோபர் மாதப் பயிற்சி, ‘தனியாகக் கழித்த ஒரு நாள்’. அதற்காகத்தான் நான்கு மைல் மேலே ஏறி அந்தக் குடிலுக்குப் போனேன். அங்கே ரோலண்ட் இருந்தார். முப்பது வருடமாகக் கம்பர்லாந்து மலைகளில் நடக்கிறாராம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அதைச் சொல்வார். மறந்துவிடுவோமே என்ற அக்கறை.

காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கும்போது என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா இது, ஆடு இருமினதுக்கு அரைப் பக்கமா? ஆடு படிச்சா கேஸ் போட்டுரும்.”

ஹெஸ்டர் அம்மாள் சிரித்தார். நானும் சிரித்தேன். போதுமான அளவு சிரித்தேனா என்று பிறகு யோசித்தேன்.

“தனியாவா போறே? சரி, நான் அந்தப் பக்கத்து முகட்டுல போறேன். மாட்டிக்கிட்டா விசில் ஊது தம்பி. நிமிஷத்துக்கு ஆறு, அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இரு. நான் மூணு ஊதினா வந்துட்டிருக்கேன்னு அர்த்தம். உன்னையும் நோட்டையும் சேர்த்தே தூக்கிட்டு வரேன்.”

அருமையான நாள். செம்பழுப்பாகக் காய்ந்த பெரணி, மூடுபனி, கண்ணுக்கெட்டியவரை மனித முகமே இல்லை. பதினொன்று நாற்பதுக்குக் கீழே பாறைப் பள்ளத்திலிருந்து விசில் கேட்டது. ஆறு. சரியாக எண்ணினேனா என்று சந்தேகம் வந்தது, நான் அப்படித்தான். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். மறுபடி ஆறு. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தொன்பது தடவை, பிசகாமல் ஆறு. முப்பது வருட அனுபவம் அல்லவா.

என் விசில் பையின் வாரிலேயே தொங்கியது. மூன்று ஊதியிருக்கலாம்தான். ஆனால் பதில் சொல்லிவிட்டால் அது தனியாகக் கழித்த நாள் ஆகாதே. நாட்குறிப்பில் பொய் கூடாது என்று வகுப்பில் கண்டிப்பு.

போகிறவர் தன் வழியைக் குடில் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார். திரும்பியதும் பெயரைக் கோடு போட்டு அடிப்பார். அடிக்காத பெயர் இருந்தால் ஹெஸ்டர் அம்மாள் மீட்புக் குழுவைக் கூப்பிட்டுவிடுவார். மாலையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

“ரோலண்ட் எங்கப்பா? பனி இறங்குதே.”

“அந்தப் பக்கத்து ஊருக்கு இறங்கிட்டார்மா. பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறாராம். உங்ககிட்ட சொல்லச் சொன்னார்.”

“முழு மூட்டையும் தூக்கிட்டுப் போறப்பவே நெனச்சேன். துரை கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிட்டுப் போயிருக்கலாம்.”

அவர் பெயரை நானே அடித்தேன். அடிக்கோல் வைத்து, நேராக.

மூன்றாம் நாள் ஆட்டிடையர் ஒருவர் அவரைப் பள்ளத்தில் பார்த்தாராமே. உடைந்தது கால் மட்டும்தான், கொன்றது குளிர் என்கிறீர்கள். அப்படியானால் கொன்றது நான் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

எழுதிக்கொள்வதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நாற்பதாவது தடவை நாலுதான் கேட்டது. மீதி இரண்டு வருமோ என்று கால் மணி நேரம் காத்துக்கூட இருந்தேன். ஆறு இல்லாவிட்டால் அது உதவி கேட்பது ஆகாது, சார்ஜன்ட். அவர் சொன்ன கணக்குதான்.