ஒருத்தர்கிட்ட பேசினா போதும்

அந்தோணிராஜ்: ...இல்ல கிருபா, இன்னும் பத்து நிமிஷம் போவட்டும். இப்ப உள்ள போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.

கிருபா: ஒம்போதரைக்கும் இதையே தான் சொன்னீங்க. இப்ப மணி பத்தே கால்.

அந்தோணிராஜ்: ஒம்போதரைக்கு யாருமே வரல. காலி மண்டபத்துல நான் மட்டும் போய் உக்காந்தா...

கிருபா: இப்ப ரொம்பிடுச்சு.

அந்தோணிராஜ்: அதான் சொல்றேன். ரொம்பிடுச்சு.

கிருபா: காலியாவும் இருக்கக் கூடாது, ரொம்பியும் இருக்கக் கூடாது. உங்களுக்குன்னு பாதி மண்டபம் தனியா கட்டித் தரணும்.

அந்தோணிராஜ்: சிரிக்காத.

கிருபா: சிரிக்கல... கையக் குடுங்க. என்னாங்க இது, இந்த வெயில்ல ஐஸ் மாதிரி இருக்குது.

அந்தோணிராஜ்: வண்டி ஓட்டின காத்து.

கிருபா: வண்டிய நிறுத்தி முக்கா மணி நேரம் ஆவுது. சொல்லுங்க. உள்ள என்னா பயம்?

அந்தோணிராஜ்: பாத்தியா, எல்லாரும் கழுத்துல அட்டை மாட்டினு வர்றாங்க. வாசல்ல ஒரு பொண்ணு உக்காந்து எழுதிக் குடுக்குது.

கிருபா: உங்களுக்கும் குடுக்கும்.

அந்தோணிராஜ்: பேருக்குக் கீழ கம்பெனி பேரு எழுதணுமாம். நான் என்னாத்த எழுதறது? ஒரு வண்டி, ஒரு டூல் பை, ஒரு ஆளு. இது கம்பெனியா?

கிருபா: மோட்டார் மெக்கானிக், மரக்காணம் உப்பளம்னு எழுதுங்க. பொய் இல்லையே.

அந்தோணிராஜ்: இந்த சோலார் பம்பு கூட்டத்துக்கு வந்திருக்கிறவங்க எல்லாம் பத்து பேரு, இருவது பேரு வச்சி வேல வாங்கறவங்க. நாலு நாலு பேரா நின்னு பேசுறாங்க. நடுவுல போய் நான் எப்படி... எந்த வாயி தொறக்கும்?

கிருபா: உப்பளத்துல பேசுறீங்களே. நேத்து ஒரு ஓனர நடு உப்புப் பாத்தில நிக்க வச்சி, எஞ்சின்ல ஆயில் ஊத்தாம ஓட்டினியான்னு கேட்டீங்க. அவரு தலை குனிஞ்சாரு.

அந்தோணிராஜ்: அங்க எஞ்சின் என் பக்கத்துல இருக்குது. இங்க நான் மட்டும் தான் இருக்கேன். வூட்டுக்குப் போயிடலாமா? அடுத்த வருஷம் கூட நடக்கும்.

கிருபா: அடுத்த வருஷம் என்னா இருக்கும்? நீங்களே தான சொன்னீங்க, ஒவ்வொரு அளமா டீசல் எஞ்சின கழட்டிட்டு சோலார் பம்புக்கு மாறுதுன்னு. அந்தக் கம்பெனிக்காரங்க மரக்காணத்துக்குன்னு ஒரு சர்வீஸ் ஆள இன்னிக்குத் தேடுறாங்க. அது நீங்க இல்லன்னா வெளியூர்லேர்ந்து ஒருத்தன் வருவான்.

அந்தோணிராஜ்: வரட்டும்.

கிருபா: வந்தா நீங்க ஒரகடம் ஃபேக்டரிக்குப் போவணும். ஷிஃப்டு வேல. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ வூட்டுக்கு வந்து தூங்கிட்டுப் போவீங்க. எனக்கு அது தான் பயம். உங்களுக்கு உள்ள போவ பயம், எனக்கு நீங்க போவலன்னா பயம்.

அந்தோணிராஜ்: ...உனக்கு ஒன்னு தெரியாது. ரெண்டு வருஷம் முன்ன பாண்டில இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போனேன் இல்ல?

கிருபா: ஆமா. சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னீங்க.

அந்தோணிராஜ்: உள்ள காலு வச்சவுடனே ஒருத்தர் வந்தாரு. கோட்டு போட்டவரு. சரி, பேசத்தான் வர்றாருன்னு நான் கைய நீட்டினேன். அவரு என் கைல மைக்க குடுத்தாரு. "ஏம்பா, இவ்ளோ நேரமா? இது கத்துது, சீக்கிரம் பாரு"ன்னாரு.

கிருபா: நீங்க யாருன்னு சொல்லல?

அந்தோணிராஜ்: சொல்லல. உக்காந்து மைக்க சரி பண்ணேன்.

கிருபா: ஐயோ மாதாவே.

அந்தோணிராஜ்: சரியாயிடுச்சு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் மேடை ஓரமாவே நின்னேன். ஒயர் கழண்டா கூப்புட்டாங்க. நடுவுல ஒருத்தர் நாற்காலி எடுத்துப் போடச் சொன்னாரு. போட்டேன்... அந்த மூஞ்சி தான் எனக்கு. பாத்தவுடனே வேல சொல்லத் தோணுற மூஞ்சி.

கிருபா: அப்பிடி எல்லாம் இல்ல.

அந்தோணிராஜ்: இருக்குது.

கிருபா: போன வருஷம் இதே மண்டபத்துக்கு வந்தீங்களே. பத்து பேர்கிட்ட பேசினேன்னு சொன்னீங்க.

அந்தோணிராஜ்: ம்... அது போன வருஷம்.

கிருபா: அத மாதிரி இப்பவும்...

வாட்ச்மேன்: ஏம்பா, யாரு வண்டி இது? இன்னும் இங்கயே நிக்குற? ஜெனரேட்டர் ஆளு தான நீ?

அந்தோணிராஜ்: இல்ல... அது...

வாட்ச்மேன்: வண்டிய பின்பக்கம் வுடு. கரண்ட் போனா கூப்புடுறேன், வந்து போடு. கார் வர்ற இடம் இது.

அந்தோணிராஜ்: சரிங்க. எடுத்துடுறேன்.

கிருபா: எங்க தள்றீங்க? நில்லுங்க... அண்ணா, அவரு ஜெனரேட்டருக்கு வரல. கூட்டத்துக்கு வந்திருக்காரு. போன்ல பேரு குடுத்திருக்காரு.

வாட்ச்மேன்: அப்பிடியா? அத சொல்ல வேணாமாப்பா. அந்த மரத்தாண்ட நிறுத்து. உள்ள ஆரம்பிச்சுட்டாங்க.

அந்தோணிராஜ்: ...பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா? நீ இல்லன்னா இப்ப ஜெனரேட்டர் பக்கத்துல நின்னுனு இருப்பேன்.

கிருபா: கேளுங்க. பத்து பேர் வேணாம். ஒருத்தர பாருங்க. எந்தக் கூட்டமா இருந்தாலும் உங்கள மாதிரியே தனியா ஒருத்தர் நிப்பாரு. செவுத்து ஓரமா. யாரும் கூப்புடாத போன பாத்துனு இருப்பாரு. அவருகிட்ட போய் எதையாவது கேளுங்க. பாத்ரூம் எங்கன்னு கேட்டா கூட போதும்.

அந்தோணிராஜ்: உனக்கு எப்படித் தெரியும்? நீ எந்த மீட்டிங்க பாத்த?

கிருபா: ...கல்யாண வூட்ல பாத்ததில்லையா? எங்கயும் மனுஷங்க ஒரே மாதிரி தான்.

அந்தோணிராஜ்: அந்த ஒருத்தர் கூட மூஞ்சத் திருப்பிக்கினா?

கிருபா: வெளிய வந்துடுங்க. நான் இந்த மரத்தடியிலயே உக்காந்திருப்பேன். எத்தினி மணியானாலும். வெளிய வந்தா ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். சத்தியமா.

அந்தோணிராஜ்: இங்கயே இருப்பியா?

கிருபா: இங்கயே.

அந்தோணிராஜ்: ...சட்டை சரியா இருக்குதா?

கிருபா: போங்க.

*

கிருபா: ...இங்க நிறுத்துங்க. ரோட்டுல லாரி சத்தத்துல ஒன்னும் காதுல வுழல. இந்தப் பாத்தி ஓரமா உக்காந்து சொல்லுங்க. மொதல்லேர்ந்து.

அந்தோணிராஜ்: மொதல்ல அந்தப் பொண்ணு கம்பெனி பேரு கேட்டுச்சு. பேரு மட்டும் சொன்னேன். அது கீழ காலியா வுட்டுடுச்சு.

கிருபா: சரி.

அந்தோணிராஜ்: உள்ள போய் செவுத்த ஒட்டி நின்னேன். ரெண்டு தடவ பாத்ரூம் போனேன். மூணாவது தடவ போவும்போது பின்பக்க கதவு தொறந்து இருந்துச்சு கிருபா. நிஜமா சொல்றேன், ஒரு காலு வெளிய வச்சிட்டேன்.

கிருபா: அப்புறம்?

அந்தோணிராஜ்: நீ மரத்தடியில உக்காந்திருப்பன்னு நெனச்சேன். திரும்பி வந்தேன். அப்ப ஒருத்தர பாத்தேன். தீ அணைக்கிற சிலிண்டர் மேல ஒட்டியிருந்த காகிதத்த படிச்சுனு இருந்தாரு. நான் மொத தடவ பாத்ரூம் போறப்பவும் அதையே தான் படிச்சுனு இருந்தாரு.

கிருபா: சிரிப்பு வருதுங்க.

அந்தோணிராஜ்: எனக்கு அழுகை வந்துச்சு. கிட்ட போனேன். என்னா கேக்கறதுன்னு தெரியல. தண்ணி எங்கங்க இருக்குதுன்னேன். எனக்கும் தெரியலைங்க, காலைலேர்ந்து தாகமா இருக்குதுன்னாரு.

கிருபா: யாரு அவரு?

அந்தோணிராஜ்: தனகோடின்னு பேரு. வேதாரண்யம். சோலார் பேனலுக்கு இரும்பு ஸ்டாண்டு வெல்டிங் பண்றாரு. அவரும் தனி ஆளு தான். உப்புக் காத்துல எந்த இரும்பு எத்தினி நாளு தாங்கும்னு அரை மணி நேரம் பேசினோம். பயம் எங்க போச்சுன்னே தெரியல. அப்புறம் அவரு சொன்னாரு, "அண்ணே, அந்தக் கம்பெனி மேசைக்குப் போவணும். தனியா போவ எனக்கு பயமா இருக்குது, நீங்க கூட வர்றீங்களா"ன்னு.

கிருபா: உங்ககிட்ட போய்...

அந்தோணிராஜ்: ஆமா. என்கிட்ட. ரெண்டு பேரும் போனோம். மேனேஜரு எந்தக் கம்பெனின்னு கேட்டாரு. கம்பெனி இல்லைங்க, நான் ஒருத்தன் தான்னேன். சரின்னு சொல்லிட்டு வேற ஆளு பக்கம் திரும்பிட்டாரு.

கிருபா: ஐயோ.

அந்தோணிராஜ்: தனகோடி என் சட்டைய புடிச்சு இழுக்குறாரு, போயிடலாம்னு. எனக்கும் போயிடத்தான் தோணுச்சு. ஆனா மேசை மேல அவங்க பம்ப பிரிச்சு வச்சிருந்தாங்க. அத பாத்தேன். வாயி தானா கேட்டுடுச்சு. "சார், உள்ள சுத்துற இந்த இம்பெல்லர் உப்புத் தண்ணில எத்தினி வருஷம் வரும்?" மூணு வருஷம்னாரு. எங்க ஊரு தண்ணில பதினோரு மாசம் தாங்க வரும்னேன். எப்படித் தெரியும்னாரு. கழட்டிப் பாத்தவன் நான் தாங்கன்னேன். அப்புறம் தான் திரும்பி உக்காந்தாரு. நம்பர் வாங்கினாரு. வியாழக்கிழமை ஒரு அளத்துல பம்பு மாட்டுறாங்களாம், வந்து கூட இருந்து பாருன்னாரு. அவ்ளோ தான். வேல குடுக்கல. குடுப்பாரான்னும் தெரியல.

கிருபா: போதும்ங்க. வியாழக்கிழமை போதும்.

அந்தோணிராஜ்: கிருபா... இன்னொன்னு சொல்லணும். இன்னிக்கு சொல்லலன்னா அப்புறம் எப்பவுமே சொல்ல மாட்டேன்.

கிருபா: சொல்லுங்க.

அந்தோணிராஜ்: போன வருஷம் நான் உள்ளயே போவல. பத்து பேர்கிட்ட பேசினேன்னது பொய். கடலூர் இன்ஜினியர் கூப்புடுறேன்னாருன்னு சொன்னேன் இல்ல, அப்பிடி ஒரு ஆளே கெடையாது. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மண்டபத்துக்குப் பின்பக்கம் வண்டி நிறுத்துற எடத்துல உக்காந்திருந்தேன். அன்னிக்கு நீ வானூருக்கு மகளிர் குழுப் பயிற்சின்னு போயிருந்த. திரும்பி வந்து எப்படி இருந்துச்சுன்னு கேட்ட. உன் மூஞ்ச பாத்து... சொல்ல முடியல.

கிருபா: ம்.

அந்தோணிராஜ்: அந்த இன்ஜினியர் கூப்புட்டாரான்னு இந்த ஒரு வருஷத்துல நீ ஒரு தடவ கூட கேக்கல. அது வேற எனக்கு பயம். ஏன் கேக்கல நீ?

கிருபா: கேட்டா இன்னொரு பொய் சொல்ல வேண்டி வருமே உங்களுக்கு, அதான் கேக்கல... நான் அன்னிக்கு வானூருக்குப் போவல. பந்தியில பரிமாறப் போறேன்னா வேணாம்னுவீங்கன்னு, சொல்லாம சமையல்காரங்களோட அதே மண்டபத்துக்குத் தான் வந்திருந்தேன். எச்சில் இலை கொட்ட பின்பக்கம் வந்தப்ப உங்கள பாத்தேன். சாப்புடாம, தலைய குனிஞ்சுனு, தனியா உக்காந்திருந்தீங்க. ஒரு தட்டுல சோறு போட்டு எடுத்துனு பாதி தூரம் வந்துட்டேங்க. என்ன பாத்துட்டா நீங்க வூட்டுக்கே வர மாட்டீங்களோன்னு பயந்து, திரும்பி உள்ள போயிட்டேன்.