சூடு வருது

— நிறுத்துடி, நிறுத்து. மத்தியானக் கூட்டம், டேபிள் எல்லாம் நிறைஞ்சு கிடக்கு, அடுப்புல எண்ணெய் காயுது. அவன் அங்கேயே முட்டி போட்டு ஜெபம் பண்றானாமா?

— அப்படித்தான்க்கா போட்டிருக்கு. "அவன் கைகள் நடுங்கின. கர்த்தாவே, இந்தப் பெண்ணை என் உணவகத்துக்கு அனுப்பியது நீர்தானா என்று கேட்டான்."

— கர்த்தர் பதில் சொல்றதுக்குள்ள எண்ணெய் பத்திக்கும். இதை எழுதினவங்க ஓட்டலுக்குச் சாப்பிட மட்டும்தான் போயிருப்பாங்க போல.

— அப்புறம் எதுக்கு இதையே படிக்கச் சொல்ற? போன வாரம் பேக்கரிக்காரன், இந்த வாரம் ஓட்டல்காரன். நிஜமா சொல்றேன், எல்லாம் ஒரே கதைதான். அவ அழுவா, அவன் திருந்துவான், பாஸ்டர் வந்து கல்யாணம் பண்ணி வைப்பாரு. அங்க எனக்குத் தைக்க வேண்டிய துணி மலையாக் குவிஞ்சு கிடக்கு.

— அவன் திருந்துறான்ல? எனக்கு அது போதும். பார்வை இருந்தா உன்னை ஏன்டி கெஞ்சப் போறேன்? நானே படிச்சுட்டுப் போவேன்.

— உடனே கோவிச்சுக்காத. படிக்கிறேன்.

— உங்க அத்தான் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு பாஸ்டரம்மா சொல்லித்தான் கொடுத்தாங்க. கடைசியில அவ எல்லாத்தையும் மன்னிச்சுட்டு அவன்கூடவே போயிடுறாளாம். படிச்சா மனசு லேசாயிடும்னாங்க.

— பாஸ்டரம்மா மூஞ்சியில யாரும் எண்ணெயைக் கொட்டலையே. சாயங்காலம் அத்தான் வந்து நின்னா, நிஜமாவே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவியா?

— பின்னே? உன் வீட்டுல எத்தனை நாளைக்குடி உக்காந்து சாப்பிடுறது? உன் வீட்டுக்காரர் வாய் திறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா நான் ஹாலுக்கு வந்தா டிவி சத்தம் குறையுது. எனக்குப் புரியாதா?

— அது உனக்குக் கொடுக்கிற மரியாதைக்கா.

— என்னவோ இருக்கட்டும். உங்க அத்தானும் சபையில எல்லார் முன்னாடியும் விழுந்து அழுதாராம். குடியை விட்டுட்டாராம். ஓட்டலை மறுபடி திறந்தாச்சு, கல்லாவுல நீ உக்காரு, காசைத் தொட்டுப் பார்த்தாலே உனக்குத் தெரியும்னு சொல்லி அனுப்பியிருக்காரு. கைத்தவறுதல்டி அது. போலீஸ்லயும் அதையேதான் சொன்னேன். வாணலியைத் தூக்கிட்டு வந்தாரு, நான் குறுக்க நின்னேன், கொட்டிடுச்சு. விடு. நீ படி.

— "அவள் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றிருந்தாள். 'சூடு வருகிறது, விலகு!' என்று அவன் பின்னாலிருந்து உரக்கக் கத்தினான். அவள் உள்ளம் வாடியது." பாவம்க்கா. ஆசை வச்சிருக்கிறவன் இப்படியா எரிஞ்சு விழுவான்?

— அட லூசு. அது திட்டு இல்லடி. இந்தப் புத்தகத்துல உருப்படியா இருக்கிறதே அந்த ஒரு வரிதான். சூடா எதைத் தூக்கிட்டு நடந்தாலும் 'சூடு வருது'ன்னு குரல் கொடுக்கணும். கேட்டவங்க யார், என்னன்னு திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்படியே சுவரைப் பார்த்து ஒட்டிக்கணும். அடுப்படிக்குள்ள காலை வச்சதும் முதல்ல சொல்லித் தர்றதே இதைத்தான்.

— அத்தானும் கத்துவாரா?

— உங்க அத்தானா? ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டு போனாலும் ஊரைக் கூட்டுவாரு. பாத்திரம் கழுவுற அண்ணன் ஒரு தடவை குரல் கொடுக்காம சாம்பார்ச் சட்டியோட வந்துட்டாருன்னு பளார்னு அறைஞ்சிட்டாரு. தூக்கத்துலகூட 'சூடு வருது'ன்னு உளறியிருக்காரு. நான் பதறிப்போய் கட்டில்ல சுவரோரமா ஒண்டிக்கிட்டேன். அன்னைக்கு ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம்.

— அக்கா.

— என்னடி?

— கொட்டுன அன்னைக்கும் கத்துனாரா?

— மேல படி.

— நிஜமா கேக்குறேன். வாணலி நிறைய கொதிக்கிற எண்ணெய். கத்துனாரா, இல்லையா?

— எக்ஸாஸ்ட் ஃபேன் போடுற சத்தத்துல என்ன கேக்கும்?

— ஃபேன் தினமும்தான ஓடுது.

— குரல் கொடுத்தாருடி. என் காதுல நல்லா விழுந்துச்சு. போதுமா?

— அப்ப நீ சுவரோட ஒட்டியிருக்கணுமே? கொட்டினாலும் முதுகுலதான கொட்டியிருக்கணும்? உன் முதுகுல ஒரு சொட்டுகூடப் படலையேக்கா. அந்த டாக்டரே கேட்டாரு, முகத்துல மட்டும் எப்படிம்மான்னு.

— பெல் அடிக்குது பாரு.

— அத்தான்தான். ஜன்னல்ல தெரியுது. வெள்ளைச் சட்டை போட்டு, கையில பைபிளோட நிக்கிறாரு. பின்னாடி பாஸ்டரம்மா. போய்த் திறக்கட்டுமா?

— தாழ்ப்பாள் போட்டிருக்கா?

— போட்டிருக்கு.

— இருக்கட்டும். திறக்காத.

— என்னக்கா இது? குரல் கொடுத்தாருன்னு இப்பத்தான சொன்ன?

— 'சூடு வருது'ன்னு இல்லடி. கல்யாணமான புதுசுல கூப்பிடுவாரே, அதே மாதிரி மெதுவா 'கண்ணு'ன்னு கூப்பிட்டாரு. எத்தனையோ வருஷம் கழிச்சு அப்படிக் கூப்பிடுறாரேன்னு ஆசையாத் திரும்பினேன்.