ஒத்துக்காத ஊசி

— கம்ப்யூட்டர்ல நம்ம கிளினிக் புரோகிராம் மறுபடியும் மூடிக்கிச்சு தன்சீல் தம்பி! நோட்ஸைத் தொட்டாலே அப்படியே நின்னு, தானா மூடிக்குது. ஐயோ சாமி, நான் இன்னா பண்ணுவேன்!

— அரே விஜயகுமாரி சிஸ்டர், பதறாதீங்க. வேலூர் ஆபீஸ்ல இருந்தே உங்க ஆம்பூர் ஷூ பேக்டரி டேட்டாபேஸுக்குள்ள வந்துட்டேன். இன்னா அவசரம்?

— தையல் லைன்ல ஒரு அம்மா, ஜுரத்தோட வந்து மயங்கி விழுந்துட்டாங்க. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன், இன்னும் நெனவு வரல. போன வருஷம் ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காம உயிர் போய் வந்துச்சு அவங்களுக்கு. எந்த ஊசின்னு டாக்டர் இன்னொரு போன்ல கேக்கறார். ரெண்டாயிரம் பேருக்கு நான் ஒருத்தி நர்ஸ், ஞாபகமே வரல தம்பி.

— பேரு சொல்லுங்க.

— பேரெல்லாம் எதுக்கு இப்போ? அவங்க வேலை டோக்கன் நம்பரைப் போடு. நாலாயிரத்துப் பன்னெண்டு.

— சரி. நீங்க தொறந்தா எல்லாரோட நோட்ஸையும் ஒண்ணா இழுக்குது, அதான் தாங்கல. இவங்களது மட்டும் எடுக்கறேன்... அரே! எனக்கும் மூடிக்கிச்சே! ஒரு ஆளுக்கு எவ்ளோ எழுதி வெச்சிருக்கீங்க?

— நம்ம பேக்டரி டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார். பழைய பக்கத்தைத் திருப்பவே மாட்டார். அதான் ஒவ்வொரு வாட்டியும் பழசு பூராவும் காப்பி பண்ணி, புதுசுக்குக் கீழே ஒட்டிடுவேன். எக்ஸ்ரே படத்தோட.

— படத்தோடவா? ஒவ்வொரு வாட்டியுமா? நல்லா இருக்கு போங்க! பேஜார் புடிச்ச வேலை பண்ணியிருக்கீங்க.

— அப்புறமா திட்டு கண்ணு. இப்போ கண்டுபுடி.

— முழுசா இழுத்தாதானே சாவுது? சர்வர்லயே தேடி, அந்த எடத்துல நாலு வரி மட்டும் வெட்டி எடுக்கறேன். ‘அலர்ஜி’... இல்லையே.

— நான் தமிழ்லதான் எழுதுவேன். ‘ஒத்துக்கல’ன்னு போட்டுப் பாரு.

— தேடுது. ஏன் சிஸ்டர், அவங்க வீட்ல கேட்டா தெரியாதா?

— ஒரே ஒரு பையன். அவனுக்குத் தெரியாது. ‘சொல்லாதீங்க, பயந்துடுவான்’னு அந்த அம்மா அன்னிக்கி என் கையைப் புடிச்சுக்கிட்டு கேட்டாங்க.

— இன்னா பையன் அவன்! பெத்தவங்களுக்கு எது ஒத்துக்காதுன்னு கூட கேட்டு வெச்சுக்காம... வந்துடுச்சு சிஸ்டர்! ‘பென்சிலின் ஊசி ஒத்துக்கல. மூஞ்சி வீங்கி மூச்சு அடைச்சுது.’

— பென்சிலின்! அதேதான்! போனை வை, டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் கூப்பிடறேன்.

— சிஸ்டர், இவ்ளோ நேரமா போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இன்னா ஆச்சு?

— கண்ணு முழிச்சிட்டாங்க தம்பி! அந்த ஊசியைத்தான் எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தாராம் டாக்டர். வேற மருந்து ஏத்துறாங்க. நீ நல்லா இருக்கணும் கண்ணு, உன் புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்.

— அல்லா காப்பாத்தினான். எனக்கு எதுக்கு சிஸ்டர் நன்றி? மறக்காம எழுதி வெச்சது நீங்க. திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்க. அந்தப் பையன் ஓடி வந்து உங்க கையைப் புடிச்சு நன்றி சொல்லணும்.

— என்கிட்ட வர வேணாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போனா போதும். முதல்லயே பேரைச் சொல்லியிருந்தா உன் கை ஓடியிருக்காது. கெளம்பு தன்சீல், உன்னைப் பெத்த அம்மி கண்ணு முழிச்சதும் உன்னைத்தான் கேக்கறாங்களாம்.