ஐந்து ஆம்பியர்

சோம்புத் தண்ணீர் குடித்தால் தூக்கம் வரும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நன்றாகத் தூங்குகிறவர்கள். என் மனைவி இன்ஆம் அப்படித்தான். எனக்கு ஒரு கோப்பை கொதிக்க வைத்துக் கொடுத்துவிட்டு, நான் அதை ஊதிக் குடிப்பதற்குள் குறட்டை விட்டுவிடுவாள். தயிரில் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். கால்களை வெந்நீரில் வைத்துப் பார்த்தேன். இமாம் எழுதிக் கொடுத்த துஆவை மனப்பாடம் செய்து ஓதினேன். எடுத்த எடுப்பில் நான் அந்தக் காரியத்தில் இறங்கிவிடவில்லை என்பது உங்கள் கோப்பில் இருக்க வேண்டும், ஐயா. அதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

என் பெயர் வஜீஹ். மீனா துறைமுகத்தின் எடைமேடையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். லாரி ஏறும், முள் நிற்கும், நான் எழுதுவேன். ஒரு கிலோ கூட்டி எழுதியதில்லை, குறைத்து எழுதியதும் இல்லை. ஓய்வு பெற்றபோது வந்த தொகையையும், மலையில் அப்பா விட்டுப்போன ஆப்பிள் தோட்டத்தை விற்ற காசையும் சேர்த்து வங்கியில் போட்டேன். தொண்ணூற்றிரண்டாயிரம் டாலர். "மரத்த நம்பலாம்ண்ணே, டை கட்டுனவன நம்பாதே" என்று தம்பி தலைபாடாக அடித்துக்கொண்டான். வட்டி எவ்வளவு என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். இரண்டாயிரத்துப் பத்தொன்பது அக்டோபரில் வங்கி கதவைச் சாத்தியது. மறுபடி திறந்தபோது, பணம் இருக்கிறது, எடுக்கத்தான் முடியாது என்றார்கள். டாலருக்குப் பதிலாக மாதத்துக்குக் கொஞ்சம் உள்ளூர் லிரா தருவார்கள், அதையும் அவர்கள் சொல்லும் விலையில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "உங்க பணம் பத்திரமா இருக்கு மாமா, இங்க பாருங்க" என்று கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். தொண்ணூற்றிரண்டாயிரம் இருந்தது. அன்று இரவுதான் தூக்கம் போனது.

போனது போனதுதான். முதலில் மூன்று மணிக்கு விழிப்பு வரும். பிறகு இரண்டு மணிக்கு. பிறகு படுப்பதே விடியலுக்குக் காத்திருப்பது என்றாகிவிட்டது. ஒருநாள் ரொட்டிக்கடை வரிசையில் நின்றவன், எதற்காக நிற்கிறேன் என்பது மறந்துபோய் அங்கேயே அழுதேன். பேரனை வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றிச் செய்தி வந்தால், அவர்கள் இப்போது படுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இந்த இரண்டாயிரத்து இருபத்தொன்றில் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அரசாங்கக் கரண்ட் நாளுக்கு ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் எங்கள் தெருவுக்கு ஃபவ்வாஸின் ஜெனரேட்டர். டீசல் விலைக்குத் தனியாக ஐந்து ஆம்பியர் எடுக்க எனக்கும் முடியவில்லை, அடுத்த வீட்டு உம்மு நிஸாருக்கும் முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு எடுத்தோம். பெட்டி என் பால்கனியில். உள்ளே ஒரு பிரேக்கர், அதன் கீழே இரண்டு சுவிட்சுகள். இடது சுவிட்சு எனக்கு, வலது அவளுக்கு. ஐந்தைத் தாண்டினால் பிரேக்கர் விழுந்து இரண்டு வீடும் இருட்டாகும்.

உம்மு நிஸாருக்கு எழுபது வயது இருக்கும். மகன் நிஸார் வெளிநாட்டில், அபிஜானில் கடை வைத்திருக்கிறான். அவன் அனுப்புவது மருந்துக்கே சரியாகப் போய்விடும். மகள் லமியா மருத்துவமனையில் இரவு நர்ஸ். உம்மு நிஸாருக்கு நுரையீரல் போய்விட்டது. ராத்திரி முழுக்க மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின். அது இரண்டு ஆம்பியர் தின்னும். என் சின்ன ஏசி நான்கு. கூட்டினால் ஆறு. அதனால் ராத்திரியில் ஏசி போடுவதில்லை என்று பேசி முடித்தோம். நானாகத்தான் அதைச் சொன்னேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஏம்ப்பா அபூ ஸமீஹ், கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி செவந்து கெடக்கு" என்பாள் பால்கனியில் உட்கார்ந்துகொண்டு, என் மகன் ஸமீஹின் அப்பா என்று என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "பேங்க்காரன் காசோட சேத்து உன் தூக்கத்தையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டானா?"

"நீங்க நல்லா தூங்குறீங்களா?"

"நான் எங்க தூங்குறேன்? மெஷின் மூச்சு விடுது, நான் படுத்துக் கேட்டுக்கிட்டிருக்கேன். எனக்குப் பதிலா அதைப் பாட்டியாக்கிடலாம்னு லமியாகிட்ட சொன்னேன்."

நல்ல பெண்மணி. அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அந்த மெஷின்தான். என் கட்டில் அவள் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை 'புஸ்' என்று ஒரு சத்தம். ஒரு புஸ்ஸுக்கு நூறு டாலர் என்று என்னையறியாமலே எண்ண ஆரம்பித்தேன். தொள்ளாயிரத்து இருபது புஸ்ஸில் என் பணம் முழுவதும் எண்ணி முடியும். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். முடிந்ததும் கையில் ஒன்றும் இருக்காது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஜூலை கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். இன்ஆமும் வெயில் தாங்காமல் மலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கோடை முடியும்வரை என்று போயிருந்தாள். நான் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தேன். சுவரில் சத்தம் இல்லை, உடம்பில் வியர்வை இல்லை. கண் விழித்தபோது காலை எட்டு மணி. ஐயா, நான் அன்று சமையலறையில் நின்று காபி போட்டுக்கொண்டே பாடினேன். எனக்குப் பாட்டே வராது. இரண்டாவது நாளும் தூங்கினேன். மூன்றாவது நாள் லமியா அவளைக் கைத்தாங்கலாகப் படியேற்றி அழைத்து வந்தாள். "அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியா வந்துட்டீங்க" என்றேன். அதை நான் மனதாரத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கரண்ட் போகும் நேரத்துக்கென்று அவள் கட்டிலருகே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. அவள் கைக்கு வால்வு இறுக்கம், அதனால் மெஷின் நின்றால் சுவரைத் தட்டுவாள், நான் போய்த் திறந்துவிடுவேன். அந்த வீட்டுச் சாவி ஒன்று என்னிடமே இருந்தது. ராத்திரியில் இரண்டு மணி நேரம் சிலிண்டரில் இருந்துகொள்ள முடியுமா என்று நாசூக்காகக் கேட்டுப் பார்த்தேன். "ஊர் முழுக்க அலைஞ்சு லமியா ஒன்னு நிரப்பிட்டு வரா. அது என் உயிர்ப்பா, எலுமிச்சை ஜூஸா, தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று இரவு ஒரு மணிக்கு வலது சுவிட்சை இறக்கினேன். பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். தட்டினாள். போனேன். "ஃபவ்வாஸ் கரண்ட கட் பண்ணிட்டான்" என்றேன். அவள் ஃபவ்வாஸின் அப்பன் பாட்டன் வரைக்கும் திட்டினாள், திட்டி முடிக்க மூச்சு வாங்கியது. வால்வைத் திறந்து, தலையணையைச் சரிசெய்து, மூச்சு சீராகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அல்லாஹ் உன் பணம் பூராவும் உன் கையிலயே திருப்பிக் குடுக்கணும். ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்குறேன்ப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஏசியைப் போட்டு ஒரு மணி நேரம் தூங்கினேன். பிறகு எழுந்து ஏசியை அணைத்து, அவள் சுவிட்சைப் போட்டுவிட்டு, போய் வால்வையும் மூடினேன். எனக்கு நானே சொன்ன நேரத்துக்குச் செய்தேன்.

பத்துப் பன்னிரண்டு இரவுகள் இப்படி நடந்தது. ஒரு மணி நேரம் இரண்டாகியது, சில நாள் இரண்டரை. சிலிண்டர் சீக்கிரம் சீக்கிரம் காலியானது. லமியா தெருவில் வைத்து ஃபவ்வாஸின் சட்டையைப் பிடித்தாள்.

"ராத்திரி ராத்திரி எங்க லைன மட்டும் புடுங்கி யாருக்குடா விக்கிற?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா நான் கை வைக்கலக்கா. லைனு ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"திருடனை சத்தியம் பண்ணுன்னு சொன்னா, அப்பாடா தப்பிச்சேன்னானாம். சத்தியம் பண்றான் பாரு."

கூட்டம் சிரித்தது. ஜெனரேட்டர்காரனை யாரும் நம்புவதில்லை. அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான். என் பால்கனியில் பெட்டி இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் எடைமேடை வஜீஹை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அவனும் படவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லமியா வேலைக்குக் கிளம்பும்போது படியில் என்னை நிறுத்தினாள். "மாமா, சிலிண்டர் சுத்தமா காலி. நாளைக்குத்தான் கெடைக்கும். டவருக்கும் டீசல் இல்ல, ராத்திரி போன் எடுக்காது. கரண்ட் போச்சுன்னா அம்மாவ தூக்கிட்டு நேரா ஹாஸ்பிடல் வந்துருங்க. உங்கள நம்பித்தான் போறேன்."

"நீ நிம்மதியா போய் வேலையப் பாரும்மா" என்றேன்.

அதற்கு முந்தைய இரண்டு இரவுகளும் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. வங்கியில் இருந்து தாள் ஒன்று வந்திருந்தது, மாதம் தருவதை இன்னும் குறைக்கிறார்கள் என்று. அன்று ராத்திரி தொள்ளாயிரத்து இருபதை மூன்று தடவை எண்ணி முடித்தேன். மணி இரண்டு ஆகியிருந்தது. நிதானமாக யோசித்தேன். முதல் நாள் நான் போய்ச் சேரும்வரை சிலிண்டர் இல்லாமல் பத்து நிமிடம் தாங்கினாள். இன்னொரு நாள் எனக்குச் செருப்பு கிடைக்காமல் கால் மணி நேரம் ஆனது, அதையும் தாங்கினாள். அப்படியானால் அரை மணி நேரம் ஏன் தாங்கக் கூடாது? போனில் அரை மணிக்கு அலாரம் வைத்தேன். பால்கனிக்குப் போய் வலது சுவிட்சை இறக்கினேன். ஏசியைப் போட்டேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

அலாரம் அடித்திருக்கிறது. அணைத்தது நான்தான். அரைத் தூக்கத்தில் இருக்கும் மனிதன் என்ன செய்கிறான் என்பதற்கு அவன் பொறுப்பாக முடியாது.

விழித்தபோது மணி ஆறே முக்கால். உடம்பு லேசாக இருந்தது. லமியா வருவதற்குள் ஏசியை அணைத்து, பால்கனிக்குப் போய் அவள் சுவிட்சைப் போட்டேன். மெஷின் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கவில்லை, ஏனென்றால் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஏழரைக்கு லமியாவின் அலறல் கேட்டது. உம்மு நிஸார் கட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே தரையில் கிடந்தாள். இறுகிய அந்த வால்வு முழுவதும் திறந்திருந்தது. நகம் இரண்டு பெயர்ந்திருந்தன. அதைப் பார்த்ததும்தான் ராத்திரி கரண்ட் போயிருக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. பிணப்பெட்டியின் முன்பக்கத்தை நான்தான் தூக்கினேன். லமியா என் தோளில் சாய்ந்து, "நீங்க தூங்கிட்டீங்களா மாமா? பரவால்ல மாமா, நீங்க தூங்கியே எவ்ளோ நாளாச்சு" என்று அழுதாள். தங்கமான பெண்.

நிஸாரின் சொந்தக்காரர்கள் ஃபவ்வாஸை நடுத்தெருவில் போட்டு அடித்தார்கள். நீங்கள் அவனைக் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறீர்கள். அவன் மேல் குற்றம் இல்லை. லைனை அவன் வெட்டவில்லை, நான்தான் வெட்டினேன். ஒருவன் எடையை இன்னொருவன் பேரில் எழுதுவது எனக்குப் பழக்கமில்லாதது. தவிர, ஜெனரேட்டர் அறைச் சாவி அவனிடம் இருக்கிறது. நான்கு நாளாகத் தெரு முழுக்க இருட்டு. ஏசி இல்லை. ஐந்து ஆம்பியரும் இப்போது எனக்கே இருந்தும் நான்கு ராத்திரியாகக் கண்ணை மூடவில்லை. அவனை இன்றைக்கே விட்டுவிட்டால் நல்லது.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு வரியை மாற்ற வேண்டும். அவள் தட்டியது எனக்குக் கேட்டது என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். அது தவறு. நான் தூங்கிக்கொண்டிருந்தேன், ஐயா. முதலில் அவள் வழக்கம்போல மூன்று மூன்றாகத் தட்டினாள், பிறகு உள்ளங்கையால், கடைசி நான்கும் சுவரின் அடியில், தரையை ஒட்டி. மொத்தம் முப்பத்தொரு தட்டு. தூங்குகிறவன் காதில் அது எப்படி விழும், நீங்களே சொல்லுங்கள்.