மாஸ்டர் செய்த தவறுகள்

மாஸ்டரின் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தையலாளர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அழுது ஓய்ந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாஸ்டரின் மனைவி, எங்கள் அண்ணி அவர்களே, கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே! கலங்கிய நெஞ்சோடு வணங்குகிறேன்.

எல்லோரும் மாஸ்டரின் கைத்திறமையைப் புகழ்ந்தீர்கள். நான் அவருடைய தவறுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அண்ணி!

இருபத்தாறு ஆண்டுகள் ஒரே கடையில் அவர் ஒரு மிஷின், நான் ஒரு மிஷின். மாதத்தில் இரண்டு முறையாவது, "அளவு தப்பிப்போச்சு தம்பி!" என்று தலையில் கைவைப்பார். கடை வாசலில் யாராவது நைந்த சட்டையோடு போனால் போதும், கூப்பிட்டுவிடுவார். "கொஞ்சம் வாங்க, இது யாருக்கும் சேர மாட்டேங்குது. வீணாப் போகுதே, நீங்களாச்சும் போட்டுக்குங்களேன்" என்று கெஞ்சுவார். வாங்கிக்கொண்டவர் அவருக்கு உதவி செய்துவிட்ட பெருமையோடு நடந்து போவார்!

நான் என்ன செய்தேன்? திட்டினேன். "ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. உங்களுக்கு மாசம் ரெண்டு தடவையா சறுக்கும்? முதல்ல கண்ணாடிய மாத்துங்க மாஸ்டர்!" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தார். ஒரே முயற்சியில் கோத்தார். அதைக்கூட நான் கவனிக்கவில்லையே!

அவர் போன மூன்றாம் நாள் துணிக்கடைக்காரர் என்னிடம் வந்தார். "அவரு யாரு துணியையும் கெடுக்கலைங்க. குடுக்கறதுக்குன்னே எங்கிட்ட வாங்கிட்டுப் போவாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னாரு" என்றார். என்னிடம் மட்டும் ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

அவர் கையால் வாங்கிய பலர் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். தலைகுனியாதீர்கள், யாரையும் நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். என் கதையை மட்டும் சொல்கிறேன். என் மகள் திருமணத்தின்போது எனக்கென்று நல்ல உடை இல்லை. "ஒரு கோட்டு தப்பிப்போச்சு, போட்டுப் பாரு தம்பி" என்றார். அன்றும் திட்டிவிட்டுத்தான் போட்டுக்கொண்டேன். இதோ, இதுதான் அந்தக் கோட்டு!

என் இடது தோள் ஒரு விரல் தாழ்ந்திருக்கும். பிறவியிலேயே அப்படி. நேற்று கண்ணாடி முன் நின்று பார்த்தேன். இந்தக் கோட்டின் இடது தோளும் ஒரு விரல் தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது. யாருக்கோ வெட்டித் தப்பிய துணியா இது? ஒன்பது ஆண்டுகள் சுமந்தும் தெரியாத மடையனாக இருந்திருக்கிறேன் ஐயா!

அவர் பெயரில் மேடை போட்டு, இல்லாதவர்களை வரிசையில் நிறுத்தி உடை வழங்கலாம் என்றார் தலைவர். நல்ல மனம். உடை வழங்குவோம். ஆனால் மேடை வேண்டாம், வரிசை வேண்டாம், புகைப்படம் வேண்டவே வேண்டாம்! ஒவ்வொரு கடையிலும் மாதம் ஒரு தவறு செய்வோம். 'அளவு தப்பிப்போச்சு' என்றால் இனி ஊரே கண்டுபிடித்துவிடுமே! ஆளுக்கொரு புதுப் பொய்யைத் தைத்துக்கொள்ளுங்கள்!

மாஸ்டர், நாளை காலை கடை திறந்ததும் என் முதல் துணி அளவு தப்பப்போகிறது. பக்கத்து மிஷினிலிருந்து என்னைத் திட்டத்தான் நீங்கள் இல்லை.